அமெரிக்க விமானி லைசன்ஸை எந்த நாட்டுக்கு மாற்றுவது?

கேள்வி: வணக்கம் சேர். எனக்கு 26 வயது, ஊர் திருகோணமலை உப்புவெளி. ஃபுளோரிடாவில் படித்து 2023 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக விமானி லைசன்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), மல்டி எஞ்சின் எல்லாம் எடுத்தேன். லொக் புக்கில் 262 மணித்தியாலம் இருக்கிறது. ஊருக்கு வந்த பிறகு பறக்கவில்லை, இரண்டு வருடமாகப் போகிறது. அப்பா தம்பலகாமத்து வயலை விற்றுத்தான் படிப்பித்தவர். கொழும்பில் ஒருவர் 6 இலட்சம் தந்தால் லைசன்ஸை இங்கிலாந்துக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணித் தருகிறேன் என்கிறார். இலண்டனில் அத்தை இருக்கிறா. கூடப் படித்த சென்னைப் பிள்ளை, இந்தியாவுக்கு மாற்று, அங்கேதான் விமானங்கள் நிறைய என்கிறாள். அப்பா இலங்கையிலேயே பார் என்கிறார். நான் எந்த நாட்டுக்கு மாற்ற வேண்டும்?

பதில்:

பிள்ளை, முதலில் அந்த 6 இலட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற சொல்தான் உங்களையும் உங்கள் வீட்டையும் போட்டுக் குழப்புகிறது. நீங்கள் நினைக்கிற மாதிரி லைசன்ஸை ஒரு நாட்டிலிருந்து எடுத்து இன்னொரு நாட்டில் வைக்க முடியாது. அமெரிக்க லைசன்ஸ் அமெரிக்க லைசன்ஸாகவே இருக்கும். அதை அத்தாட்சியாகக் காட்டி இன்னொரு நாட்டிடம் புதிதாக ஒரு லைசன்ஸ் கேட்கிறீர்கள், நடப்பது அவ்வளவுதான். அந்த நாடு உங்கள் பழைய படிப்பில் எவ்வளவைக் கணக்கில் எடுக்கும், எதைத் திரும்பச் செய்யச் சொல்லும் என்பது அந்த நாட்டின் விருப்பம்.

ஏன் இப்படி என்றால், 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 32ஆம் உறுப்புரை அப்படி. விமானம் எந்த நாட்டில் பதியப்பட்டதோ, அந்த நாடு கொடுத்த அல்லது அந்த நாடு செல்லுபடியாக்கிய லைசன்ஸ்தான் விமானியிடம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே வாலில் அல்லது உடம்பில் எழுதியிருக்கிற பதிவெழுத்தைப் பாருங்கள். இலங்கைக்கு 4ஆர், அமெரிக்காவுக்கு ‘என்’, பிரித்தானியாவுக்கு ஜி, இந்தியாவுக்கு விடி, அமீரகத்துக்கு ஏ6. ஃபுளோரிடாவில் நீங்கள் ஓட்டிய அதே செஸ்னா 172 கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் 4ஆர் எழுத்தோடு நிற்கும், அதே இருக்கைகள், அதே எஞ்சின், ஆனால் உங்கள் கையில் உள்ள அட்டையோடு அதைத் தனியே எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது.

‘ஐகாவோ லைசன்ஸ் எடுத்தால் உலகம் முழுக்கச் செல்லும்’ என்று பயிற்சிப் பள்ளிகள் விளம்பரம் போடுகின்றன, அதை நம்பிக் காணி விற்ற குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஐகாவோ என்பது ஐநாவின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அது யாருக்கும் லைசன்ஸ் கொடுப்பதில்லை. ஆகக் குறைந்த தரம் என்ன என்று அதன் முதலாம் இணைப்பு சொல்கிறது, கொடுப்பது நாடுகள்தான். இன்னொரு நாட்டு விமானம் வந்து இறங்கினால் அதன் விமானியிடமிருக்கும் அந்த நாட்டு லைசன்ஸை மதிக்க வேண்டும் என்பது 33ஆம் உறுப்புரை. உங்கள் நாட்டு விமானத்தை அந்த லைசன்ஸோடு அவரிடம் ஓட்டக் கொடுங்கள் என்று அது சொல்லவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். செல்லுபடியாக்கல் ஒரு வழி. புதிய நாடு உங்கள் பழைய லைசன்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் தரும், அது ஒரு குறுகிய காலத்துக்கு மட்டும் நிற்கும், பழைய லைசன்ஸ் காலாவதியானால் அதுவும் போய்விடும். இன்னொரு நாட்டு அனுபவசாலியை விமான நிறுவனம் அவசரமாக வேலைக்கு எடுக்கும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கும். 262 மணி உள்ள உங்களுக்கு இது பொருந்தாது. உங்களுக்கு உரியது மாற்றல், அதாவது புதிய நாட்டின் மருத்துவப் பரிசோதனை, பரீட்சை, பறப்புச் சோதனை முடித்து அந்த நாட்டின் சொந்த லைசன்ஸைப் பெறுவது.

உண்மையான டிரான்ஸ்ஃபர் என்று சொல்லக்கூடிய ஒன்று ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது. ஈயாசா, அதாவது ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகவரகத்தின் விதிகளின் கீழ் உள்ள நாடுகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லைசன்ஸையும் மருத்துவக் கோவையையும் சேர்த்து மாற்றலாம், பரீட்சை இல்லை. சட்டம் ஒன்றே என்பதால் அது முடிகிறது. பிரித்தானியா அந்த அமைப்பிலிருந்து 2020 டிசம்பர் 31ஆம் திகதி வெளியேறியதும் என்ன நடந்தது தெரியுமா? முதல் நாள் வரை ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியான பிரித்தானிய லைசன்ஸ் அடுத்த நாள் காலை மூன்றாம் நாட்டு லைசன்ஸாகிவிட்டது. இருபது வருடம் ஏர்பஸ் ஓட்டியவர்கள்கூட முன்கூட்டியே அயர்லாந்துக்கோ ஒஸ்ரியாவுக்கோ மாற்றிக்கொள்ள ஓடித் திரிந்தார்கள். விமானியின் திறமை ஒரே இரவில் மாறவில்லை, சட்டம் மாறியது. கொழும்பில் அந்த ஆள் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று சொல்லும்போது இந்த வழியை நினைத்துச் சொன்னாரோ தெரியாது. அமெரிக்க லைசன்ஸுக்கு அந்தக் கதவு இல்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில் 2006 முதல் ஒரு இலகுவான ஒப்பந்தம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையில் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் அப்படி ஒன்று இல்லை.

சரி, எந்த நாடு?

இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டும். எந்த நாட்டில் வேலை செய்ய உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது? கடவுச்சீட்டை மேசையில் வைத்துப் பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு. வேறு நாட்டு வதிவிட உரிமை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இலண்டனில் அத்தை இருப்பது தங்க ஒரு வீடு, வேலை விசா இல்லை. ஜி எழுத்து லைசன்ஸை எடுத்து வைத்துக்கொண்டு ஜி எழுத்து விமானத்தில் வேலை செய்ய உரிமை இல்லாமல் இருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன், அது மிகவும் விலை கூடிய ஒரு கடதாசி.

இங்கிலாந்தும் ஐரோப்பாவும் எவ்வளவு பெரிய வேலை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு எழுத்துப் பரீட்சையும் ஒரு தாள், கேள்வி வங்கியை ஒரு மாதம் படித்தால் போதும். ஐரோப்பிய முறையில் ஏடிபிஎல் (விமான நிறுவனக் கப்டனுக்குரிய உயர் லைசன்ஸ்) தரத்தில் 13 பாடம், ஒவ்வொன்றிலும் 75 வீதம் எடுக்க வேண்டும், முதல் பாடத்துக்கு உட்கார்ந்த மாத முடிவிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் சித்தியடைய வேண்டும். அதற்குப் பிறகு 36 மாதத்துக்குள் பறப்புச் சோதனைகளை முடித்து வர்த்தக லைசன்ஸையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் கையில் எடுக்காவிட்டால் அந்த 13 பாடமும் வீண். ‘பரீட்சையை இப்போது எழுதி வைப்போம், காசு வந்தால் பிறகு பறப்போம்’ என்று நினைக்கிற பிள்ளைகள் இந்த 36 மாதத்தில்தான் சிக்குகிறார்கள். முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையும் முதல் தரம் அவர்களுடைய விமான மருத்துவ நிலையத்துக்கு நேரே போய்த்தான் செய்ய வேண்டும்.

இந்தியா பற்றி உங்கள் சிநேகிதி சொன்னது அவளுக்குச் சரி. அவள் இந்தியப் பிரஜை. விமானச் சட்டம், வழிசெலுத்தல் என்று பரீட்சை எழுதி 70 வீதம் எடுத்து, வானொலித் தொடர்புக்குத் தனியாக ஒரு சோதனை கொடுத்து, அங்கேயே வரிசையில் நிற்பாள். அந்த வரிசையில் ஆயிரக்கணக்கில் இந்தியப் பிள்ளைகள் நிற்கிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு, 262 மணியோடு, நீங்கள் அதே வரிசையில் போய் நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வளைகுடா நல்ல இடம்தான், ஆனால் அங்கே கேட்கிற மணித்தியாலம் உங்களிடம் இல்லை. அது பிறகு வரும்.

ஆகவே அப்பா சொன்னதுதான் சரி. 4ஆர் லைசன்ஸை முதலில் எடுங்கள். இதை ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. வேலை செய்ய உரிமை உள்ள ஒரே நாடு, வீட்டிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு படிக்கக்கூடிய ஒரே நாடு, பறப்புச் சோதனைக்கு விசா தேவைப்படாத ஒரே நாடு. அதை எடுத்ததும் பயிற்றுநர் ரேட்டிங் பற்றி யோசியுங்கள். 262 மணியை 1,000 ஆக்க இங்கே இருக்கிற நேர்மையான வழி, இரத்மலானையில் மற்றப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது. ஐகாவோ கணக்கில் ஏடிபிஎல்லுக்கு 1,500 மணி வேண்டும், அந்தத் தூரத்தில் பாதியையாவது படிப்பித்தே கடக்கலாம். வருமானம் அதிகம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பறக்காமல் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு மாதமும் உங்கள் கோவையை மெலிய வைக்கிறது.

இப்போது இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி. லொக் புக்.

262 மணி என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் எவ்வளவு பிஐசி, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறந்த நேரம், என்று எழுதவில்லை. மாற்றலில் எல்லோரும் தடுக்கி விழுகிற கல் இதுதான். அமெரிக்க விதிப்படி பிரைவேட் லைசன்ஸ் எடுத்த பிறகு, நீங்கள் தகுதி பெற்ற வகை விமானத்தில், பக்கத்தில் பயிற்றுநர் இருந்து படிப்பித்தாலும், ஸ்டியரிங்கை நீங்கள் மட்டும் பிடித்திருந்தால் அந்த நேரத்தை பிஐசி என்றும் எழுதலாம், டூவல் (பயிற்றுநரோடு பறந்தது) என்றும் எழுதலாம். ஒரே மணித்தியாலம் இரண்டு நிரலில் வரும். அமெரிக்காவில் அது முழுக்கச் சட்டப்படி சரி. மற்ற நாடுகள் பெரும்பாலும் அப்படிப் பார்ப்பதில்லை. பயிற்றுநர் பக்கத்தில் இருந்து படிப்பித்தால் அது டூவல், முடிந்தது. அதே போல இரண்டு மாணவர்கள் சேர்ந்து பறந்து, ஒருவர் வெளியே தெரியாமல் மறைக்கும் தொப்பி போட்டுக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட, மற்றவர் வெளியே கண்காணிக்கும் சேஃப்டி பைலட்டாக இருந்து, இருவருமே பிஐசி எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். செலவு பாதியாகும் என்பதால் நீங்களும் செய்திருப்பீர்கள். ஒரு சின்னச் செஸ்னாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கப்டன் என்று இன்னொரு நாட்டு அலுவலர் ஏற்றுக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பிஐசி நிரலில் 150 என்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் பயிற்றுநரோடு பறந்தது 38, சேஃப்டி பைலட்டாக எழுதியது 20. கழித்தால் 92. ஐகாவோ தரப்படி வர்த்தக லைசன்ஸுக்கு மொத்தம் 200 மணியும் பிஐசி 100 மணியும் வேண்டும். 262 மணி இருந்தும் 8 மணியால் விழுந்துவிடுவீர்கள். ஆனால் இங்கே ஒரு வாசல் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியில் படித்தவருக்கு அதே தரம் மொத்தம் 150, பிஐசி 70 என்று இறங்கும். உங்கள் பள்ளி அமெரிக்க விதிகளின் 141ஆம் பகுதியின் கீழ் உங்களைப் படிப்பித்ததா, 61ஆம் பகுதியின் கீழா? 141 என்றால் அது அங்கீகரிக்கப்பட்ட பாடநெறி, அதை முடித்த சான்றிதழ் ஒவ்வொரு லைசன்ஸுக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்றிரவே பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பயிற்சிப் பள்ளிகள் மூடப்படும், கை மாறும், பதிவுகள் தொலையும். பள்ளி உயிரோடு இருக்கும்போதே கடிதத்தை வாங்கிவிட வேண்டும். பாடத்திட்டம் எத்தனை மணி, நீங்கள் எத்தனை மணி பறந்தீர்கள், தலைமைப் பயிற்றுநரின் கையெழுத்து, இவை மூன்றும் அந்தக் கடிதத்தில் வர வேண்டும்.

பிறகு ஒரு புதுக் கொப்பி வாங்கி, அல்லது எக்செல்லில், முதல் பறப்பிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வரியாகத் திரும்ப எழுதுங்கள். டூவல், தனியே பறந்தது, உண்மையான பிஐசி, சேஃப்டி பைலட், இரவு, இன்ஸ்ட்ருமென்ட், சிமுலேட்டர் என்று நிரல் பிரியுங்கள். சிமுலேட்டர் நேரம் பறப்பு நேரத்தில் கலக்கக் கூடாது. பிஐசியாகச் செய்த குறுக்குப் பயணங்கள் (ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பறந்தவை) 20 மணி இருக்க வேண்டும், அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், புறப்பட்ட இடத்தைத் தவிர வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி நின்றதாக இருக்க வேண்டும். அந்த வரியை மஞ்சள் நிறத்தில் அடையாளப்படுத்துங்கள், அலுவலர் முதலில் தேடுவது அதைத்தான். அமெரிக்காவில் நேரத்தைத் தசமத்தில் எழுதுவார்கள். 1.7 என்றால் 1 மணி 42 நிமிடம். அதை 1 மணி 7 நிமிடம் என்று மாற்றி எழுதிய கோவை ஒன்றை நான் பார்த்தேன், 200 பறப்புக்கும் அப்படியே. பழைய லொக் புக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். திருத்தவோ வெள்ளை மை பூசவோ வேண்டாம். அது அப்படியே இருக்க, புதுக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள், எந்த வரியை ஏன் கழித்தீர்கள் என்று எழுதுங்கள். தானாகவே குறைத்துக் காட்டுகிறவரின் மிச்சக் கணக்கை அலுவலர்கள் நம்புவார்கள். அது என் அனுபவம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிற காரணம் ஒன்று இருக்கிறது. எனக்கு 29 வயதில் ஒரு வெளிநாட்டு மாற்றலுக்கு விண்ணப்பித்தேன். லொக் புக்கில் ஒரு பக்கக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது 10 மணி கூட எழுதிவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை. அதற்குப் பிறகு வந்த 31 பக்கமும் பிழை. கோவை திரும்பி வர மூன்று மாதம் எடுத்தது, சரிபார்த்து மீண்டும் அனுப்ப இன்னும் இரண்டு மாதம். அதற்குள் என்னைத் தெரிவு செய்திருந்த நிறுவனம் அந்தத் தொகுதியை நிரப்பிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று இப்போதும் தெரியாது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

லொக் புக்குக்குச் சமமாக முக்கியம் மெடிக்கல், ஒரு வகையில் அதற்கும் முதல். பரீட்சைக்குக் காசு கட்ட முன்னர், பறப்புக்குக் காசு கட்ட முன்னர், இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த விமான மருத்துவரிடம் முதலாம் வகுப்புப் பரிசோதனை செய்யுங்கள். அமெரிக்க மெடிக்கல் இங்கே உதவாது, அதுவும் வர்த்தகப் பறப்புக்கு 12 மாதத்தில் முடிந்திருக்கும். அமெரிக்காவில் சித்தி என்றால் இங்கேயும் சித்தி என்று நினைக்க வேண்டாம். நிறப்பார்வை, காது, இசிஜி என்று ஒவ்வொரு நாடும் தன் கையால்தான் பார்க்கும். பழைய வருத்தம், எடுக்கிற மருந்து எதையும் மறைக்காதீர்கள். நாடுகள் ஒன்றுக்கொன்று கோவை கேட்டு வாங்கும். சொல்லிவிட்ட வருத்தத்துக்கு வழி இருக்கும், மறைத்தது பிடிபட்டால் லைசன்ஸே போகும்.

அடுத்தது பெயர். எங்கள் ஆட்களுக்கு இது தனித் தலையிடி. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, அமெரிக்க அட்டையில் அது குடும்பப் பெயராகப் பின்னுக்கு, பிறப்புச் சான்றிதழ் தமிழில், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து வேறு மாதிரி. ஒரு எச் கூடினாலும் கேள்வி வரும். நான்கு ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இவை எல்லாம் ஒரே ஆளின் பெயர்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி செய்து, அதையும் கோவையில் வையுங்கள். இனி விண்ணப்பம் எல்லாம் கடவுச்சீட்டில் உள்ள மாதிரியே நிரப்புங்கள்.

உங்கள் லைசன்ஸ் உண்மையானதா என்று இலங்கை அதிகாரசபை அமெரிக்காவிடம் கேட்கும். ஒக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏயின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) லைசன்ஸ் பிரிவு அதற்குப் பதில் எழுதும். உங்கள் பதிவை இன்னொரு நாட்டுக்குக் காட்ட நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும், அதை விண்ணப்பத்தோடு சேர்த்தே ஆரம்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோவை அங்கேயே உறங்கும். இந்தக் கடிதம் அதிகாரசபைக்கும் அதிகாரசபைக்கும் இடையில்தான் போகும். நடுவில் கொழும்பில் யாரும் 6 இலட்சம் வாங்கிச் செய்வதற்கு ஒரு வேலையும் அதில் இல்லை. பரீட்சை நீங்கள் எழுத வேண்டும், மெடிக்கலுக்கு உங்கள் உடம்பு போக வேண்டும், பறப்புச் சோதனையில் உங்கள் கை இருக்க வேண்டும். அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அதிகாரசபைக்குரிய கட்டணங்களை நானே நேரே கட்டி, பற்றுச்சீட்டை என் பெயரில் எடுக்கலாமா, மிச்சம் என்ன வேலைக்கு உங்களுக்குக் காசு? பதிலை எனக்கும் எழுதுங்கள்.

இன்னொன்று, இது புதிது, உங்கள் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேருக்குத் தெரியாமல் போய்விட்டது. அமெரிக்காவுக்கு வெளியே முகவரி உள்ள லைசன்ஸ்காரர்கள் எல்லோரும் அமெரிக்காவில் தங்களுக்காகக் கடிதம் பெற ஒரு பிரதிநிதியைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஏற்கெனவே லைசன்ஸ் வைத்திருந்தவர்களுக்குக் கடைசித் திகதி 2025 யூலை 7. பதியாவிட்டால் லைசன்ஸ் இல்லாமல் போகாது, ஆனால் அதன் உரிமைகளைப் பயன்படுத்த முடியாது. அங்கே முகவரி உள்ள 18 வயது கடந்த உறவினரையும் போடலாம், இதற்கென்று சிறு கட்டணத்துக்குச் செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன. எஃப்ஏஏ இணையத்தளத்திலேயே பதியலாம். இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். பழைய லைசன்ஸ் நல்ல நிலையில் நிற்கும்போது புதியதைக் கேட்பது வேறு, அது முடங்கியிருக்கும்போது கேட்பது வேறு.

ஆங்கிலம் பற்றி சுருக்கமாக. உங்கள் அட்டையில் ஆங்கிலத் தேர்ச்சி உண்டு என்று மட்டும்தான் இருக்கும், எண் இருக்காது. மற்ற நாடுகள் எண் கேட்கும். ஐகாவோ பரிந்துரைப்படி 4ஆம் நிலை 3 வருடம் செல்லும், 5ஆம் நிலை 6 வருடம் செல்லும், 6ஆம் நிலை என்றால் திரும்பச் செய்யத் தேவையில்லை. ஃபுளோரிடாக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிப் பழகிய பிள்ளைக்கு இது பயப்படுகிற விஷயமில்லை.

விமானச் சட்டப் பரீட்சையைத்தான் இலேசாக எடுக்க வேண்டாம். நீங்கள் படித்தது அமெரிக்கச் சட்டம். அங்கே அழுத்தமானி 29.92 அங்குலம், இங்கே 1013.25 ஹெக்டோபாஸ்கல். அங்கே பார்வைத்தூரம் மைலில், இங்கே மீற்றரில். அங்கே எங்கு போனாலும் 18,000 அடியில்தான் ஃபிளைட் லெவல் (பொது அழுத்தத்தை வைத்துச் சொல்லும் உயரம்) தொடங்கும், வெளியே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு உயரம். வானிலையும் அப்படித்தான். ஃபுளோரிடாவின் பின்னேர இடிமழையை நீங்கள் நன்றாக அறிவீர்கள், ஆனால் வாடைக்காற்று தொடங்கி எங்கள் கரையில் மழை பிடிக்கிற மாதங்களையும், கச்சான் அடிக்கிற மாதங்களில் இங்கே வறண்டு கிடக்க இரத்மலானைப் பக்கம் முகில் இறங்கி நிற்பதையும் ஒரு விமானியின் கண்ணால் இனிப் பார்க்கப் பழகுங்கள்.

பறக்காமல் இரண்டு வருடம் என்பது வெட்கப்படுகிற விஷயமில்லை, ஆனால் அதை மறந்து சோதனைக்குப் போகவும் கூடாது. அமெரிக்கக் கணக்கில் 24 மாதப் பறப்பு மீளாய்வுக் காலமும் முடியப் போகிறது, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கின் நடைமுறைத் தகுதி எப்போதோ போய்விட்டது. மெடிக்கல் கையில் வந்ததும் இரத்மலானையில் பயிற்றுநரோடு சில மணி பறந்து கையைத் திருப்பி எடுங்கள். முதலில் ஒற்றை எஞ்சின், நிலப்பார்வைப் பறப்பு, இறங்கி ஏறிப் பழகுவது. மல்டி எஞ்சினில் நேரே போய் ஏறினால் மணிக்குப் பெருங்காசு கரையும், அந்தக் காசில் பாதி பழைய கையை மீட்கவே போகும். அதுவரை வீட்டு மேசையில் செக்லிஸ்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் நின்றால் என்ன செய்வேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அம்மா பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஊரிலிருந்து இரவில் புறப்பட்டால் விடியக் கொழும்பில் இறங்கலாம், அங்கிருந்து கட்டுநாயக்க பஸ். அதிகாரசபைக் கந்தோருக்கு ஒரு தரம் நேரே போங்கள். போகும்போது வாய்மொழியாகக் கேட்டு வராமல், இந்த அமெரிக்க லைசன்ஸ், இத்தனை மணி, இத்தனை பிஐசி, என்னிடம் என்னென்ன கேட்பீர்கள் என்று ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். விதிகள் இடையில் திருத்தப்படும், ஆறு மாதத்துக்குப் பிறகு இன்னொரு அலுவலர் இன்னொன்று சொல்லலாம், கையில் கடிதம் இருந்தால் பேசலாம்.

இலண்டன் யோசனையை முழுக்க விடச் சொல்லவில்லை. 4ஆர் லைசன்ஸ் எடுத்து, வேலையில் உட்கார்ந்து, மணி ஏறிய பிறகு, அங்கே வேலை விசா தருகிற ஒருவர் கிடைத்தால் அப்போது அந்த 13 பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதலாம். உங்களுக்கு வயது 26 தான்.

லொக் புக்கைத் திரும்ப எழுதி முடித்ததும் கடைசிப் பக்கத்தின் கூட்டுத்தொகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். உண்மையான பிஐசி எவ்வளவு வருகிறது என்று பார்த்து, 100க்கு மேலா கீழா என்பதை வைத்து அடுத்தது என்ன என்று எழுதுகிறேன். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.